இருபத்து மூன்றாம் வளைவு

1974 பிப்ரவரி 11, அதிகாலை இரண்டு மணி. இல்கித்தா ஆற்றின் மேல் குளிர், சுழியத்துக்குக் கீழே நாற்பத்தொன்று.

உறைந்த ஆறுதான் சாலை. அதில் ஒரே ஒரு வண்டி... நான்கு கலைமான்கள் இழுத்த சறுக்குவண்டி. ஓட்டியவன் யெகோர். இதோ அடுப்பில் விறகு தள்ளுகிறானே கேஷா, அவனுடைய மாமன். பின்னால், தோல்களுக்குள் மனைவி மார்ஃபா. இரண்டு நாளாகப் பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடந்தது. ஆஸ்பத்திரி நாற்பதாம் வளைவில். எங்கள் ஆற்றில் தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை.

இருபத்து மூன்றாம் வளைவில் ஆற்றடியில் ஓர் ஊற்று. அதன் வாய் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். அதற்கு மேலே பனிக்கட்டி அப்பளம். கரையில் இருந்த ஊர்க்காரர்கள் குளிர்காலம் தொடங்கியதும் கடப்பாறையால் குத்திப் பார்த்து, தாங்கும் தடத்தின் இருபுறமும் ஃபிர் மரக்கிளைகளை நட்டு வைப்பார்கள். பொய்யாகக் கிளை நட்டவன் இந்த ஆற்றில் பிறந்ததில்லை.

அந்த ஊர் இப்போது இல்லை. முந்தைய கோடையில் அரசு உத்தரவு வந்தது. எல்லோரையும் படகில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்துவிடாதிருக்க வீடுகளைக் கொளுத்த ஓர் ஆள் தேவைப்பட்டது. யெகோர் போனான். நகரத்தில் முதல் பனி விழுமுன் ஒன்பது பேர் செத்தார்கள். கிளை நடும் கிழவர் உதிகீரும் அவர்களில் ஒருவர்.

அன்று வளைவு திரும்பியதும்... கிளைகள். இரண்டு வரிசை. பச்சையாக.

அந்தக் குளிரில் எதுவும் மணக்காது. ஆனால் பிசின் மணத்தது. கூடவே கொஞ்சம் கருகிய மரமும். கிளைகளின் பக்கத்தில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

மான்கள் தாமாகவே கிளைகளுக்கு நடுவே திரும்பின. யெகோர் வாரை இழுத்துப் பிடித்தான்.

"அதான் வழி போட்டிருக்குல்ல... போய்யா," என்றாள் மார்ஃபா.

"போட்டது யாருன்னு தெரியுமாடி? என்னைய முழுகடிக்கப் போட்டிருக்கானுவ."

"ஊரக் கொளுத்துறது உன் புத்தி. எல்லாருக்குமா அந்தப் புத்தி இருக்கும்?"

அவன் மான்களை அடித்து இடப்பக்கம் திருப்பினான்.

முதலில் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம்... நீளமாக. பிறகு தண்ணீர். யெகோர் மட்டும் கரையேறினான்.

விடிந்ததும் தேடி வந்தவர்கள் கடப்பாறையோடு கிளைகளுக்கு நடுவே நடந்து பார்த்தார்கள். வளைவு முடியும்வரை எங்குமே பனிக்கட்டியின் கனம் இரண்டு முழத்துக்குக் குறையவில்லை.

மார்ஃபாவை ஜூன் மாதம், முப்பத்தொன்றாம் வளைவின் மணல்திட்டில் கண்டெடுத்தார்கள். பிறந்த குழந்தை அவள் கோட்டுக்குள் இருந்தது. தொப்புள்கொடியை அறுத்து, மான் நரம்பால் முடிச்சுப் போட்டிருந்தது.