புதுப்பித்த தேதி

பால் பாக்கெட் வாங்கும்போது தேதியைப் பார்க்காதவர் உண்டா? இணையப் பக்கத்தையும் ஜனங்கள் அப்படித்தான் நம்புகிறார்கள். அதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவன் நான்.

குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காய்ச்சல் மருந்து எந்த வயதுக்கு எத்தனை மில்லி என்று சொல்லும் பழைய பக்கம் ஒன்று அதில் இருந்தது. யார் தேடினாலும் முதலில் வந்து நிற்கும். அந்தப் பக்கத்தை என் தலைப்பிள்ளை என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். எனக்கும் பெருமைதான்.

ஒருநாள் தலைமை நர்ஸ் என் மேஜைக்கே வந்துவிட்டார். அந்த மருந்து இப்போது இரட்டிப்பு வீரியத்தில் வருகிறது, பக்கத்தில் இருப்பது பழைய அளவு, எடுத்துவிடுங்கள் என்றார்.

"எடுத்தா தேடல்ல கீழ போயிடும் சிஸ்டர்."

"மேல உக்காந்துக்கிட்டு தப்பா சொல்றதுக்கு, கீழயே கிடந்தா என்ன தம்பி?"

சிரித்துவிட்டு, பார்க்கிறேன் என்றேன். பழைய பக்கங்களுக்கு என்னிடம் இருந்த வைத்தியம் ஒன்றுதான். உள்ளே எதையும் தொடாமல், 'புதுப்பித்தது' என்ற இடத்தில் அன்றைய தேதியைப் போட்டுவிடுவேன். புதுசு என்று நம்பித் தேடுபொறி கைவிடாது. அன்றும் அதையே செய்தேன்.

அடுத்த வாரமே என் அக்கா மகளுக்குக் காய்ச்சல். அக்கா அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் மருந்து கொடுத்தாள். காய்ச்சல் அடங்காததால் மறுபடி மறுபடி கொடுத்தாள். எங்கள் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். ஈரல் கெட்டுவிட்டது என்றார் டாக்டர்.

நான் முதலில் வார்டுக்குப் போகவில்லை. என் மேஜைக்குப் போனேன். பக்கத்தை எடுக்காமல், அதே இணைய முகவரியில், அளவை மட்டும் பாதியாகத் திருத்தினேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இந்தத் தடவை தேதியைத்தான் தொடவில்லை.

வார்டுக்கு வெளியே அக்கா செல்போனில் அந்தப் பக்கத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"நான் கொடுத்ததுல பாதிதான்டா போட்டிருக்கு. தேதி கூட போன வாரத்துது. நான்தான் பதட்டத்துல தப்பா படிச்சிருக்கேன்."

மறுநாள் குழந்தை இறந்துவிட்டது.

விசாரிக்க வந்திருக்கும் உங்களிடம் நர்ஸ் சொன்னதெல்லாம் உண்மை. வெட்கமாக இருக்கிறது. திருத்திய பிறகும் பக்கம் முதலிடத்தை விட்டு அசையவில்லை. அடக்கம் முடிந்து வந்ததும் பார்த்தேன்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அன்று அவள் தன்னையே திட்டி அழுதபோது தோளைத் தொட்டு, "விடுக்கா, யாருக்கும் தப்பு வர்றதுதான்," என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.