கோதண்டபாணி கட்டிய பன்னிரண்டு மாதப் படகு

துக்கத்துக்குத் தலைமை தாங்க எவருக்கும் மனம் வராது. மனம் வராவிட்டாலும் மறுக்காமல் வந்து நடுநாற்காலியில் அமர்ந்திருக்கும் தொழிலாளர் சங்கத் தலைவர் சுப்பராயலு அவர்களே! ஒலக்கூரிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் உறவின்முறைப் பெரியோர்களே! கரிபடிந்த கையைக் கழுவிக்கொண்டு நேராக இங்கே வந்திருக்கும் மரக்காணம் படகுப் பட்டறைத் தோழர்களே! விழுப்புரத்திலிருந்து வந்திருக்கும் வெல்டர்களே, ஃபிட்டர்களே! முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களின் நடுவே, அழுவதற்குக் கண்ணீரும் இல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் கோதண்டபாணியின் துணைவி தையல்நாயகி அம்மா! தாயின் கையைப் பற்றிக்கொண்டிருக்கும் மகளே இளவரசி! உங்கள் எல்லோருக்கும் இந்தக் கிழவனின் வணக்கம்.

என் பெயர் அரங்கநாதன். திண்டிவனத்துக்காரன். படித்தது ஐந்தாம் வகுப்பு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் நின்றுபோன பம்புசெட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே எஞ்சின் கற்றவன். எழுபத்தொரு வயதில் மரக்காணம் பட்டறையில் மேஸ்திரியாக இருக்கிறேன். எனக்குப் பாடம் சொன்ன வாத்தியார் எவரும் இல்லை. அதனால் எவர் சொன்னாலும் கேட்கும் பழக்கமும் எனக்கு இல்லை.

பதினாறு நாளைக்கு முன்னால், விஜயதசமி காலையில், எங்கள் பட்டறையில் கட்டி முடித்து நீரில் நிறுத்தியிருந்த அறுபதடிச் சொகுசு மோட்டார் படகு கழிமுகத்தில் கவிழ்ந்தது. அதன் எஞ்சின் அறைக்குள் கோதண்டபாணி இறந்தான். பட்டறை வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். என்ன எழுதினார்கள் தெரியுமா? "மின் பிரிவுப் பொறுப்பாளரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்." மின் பிரிவுப் பொறுப்பாளர் யார்? கோதண்டபாணி. செத்தவன் மேலேயே சாவுக்கான பழியையும் சுமத்தினார்கள். அந்தக் காகிதம் பொய். எப்படிப் பொய் என்று சொல்லத்தான் மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

அங்கே ஒருவர், "படத்திறப்பில் படகுக் கதை எதற்கு?" என்கிறார். கேட்கிறது ஐயா, எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. பாட்டு எழுதியவனைப் பாட்டை விட்டுவிட்டுப் பேச முடியுமா? படகு கட்டியவனைப் படகை விட்டுவிட்டுப் பேச முடியுமா? உட்காருங்கள்.

சொகுசுப் படகு என்றால் என்ன? பளிங்கு மேசையா? பட்டு மெத்தையா? பால்போல் வெளுத்த வண்ணமா? வாங்க வருகிறவர்கள் மாசி மாதத்தில் வருவார்கள். மாசியில் நம் கடல் மடியில் கிடக்கும் குழந்தை. எந்தப் படகும் மாசியில் நல்ல படகுதான். கோதண்டபாணி சொல்வான்: "மேஸ்திரி, மொதலாளி ஏர்றது மாசில. படகு கெடக்கறது ஐப்பசிலங்க. நாம மாசிக்கு கட்டலாமா, ஐப்பசிக்கு கட்டலாமா?"

பெயருக்குத்தான் மின் பிரிவு; அவன் முழுப் படகையும் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டினான். சித்திரை, வைகாசியில் வெயில் மேல்தளத்தைத் தோசைக்கல்லாக்கும். ஆகவே ஓட்டுகிறவன் இடத்துக்கு முழுக்கூரை போட்டு, ஏசி இல்லாவிட்டாலும் முன்னிருந்து பின்னுக்குக் காற்று ஓடும்படி எதிரெதிரே சன்னல் வைக்கச் சொன்னான். ஆனி, ஆடியில் காற்று அறையும். ஆகவே அடிப்பாகம் கத்திபோல் அலையைக் கிழிக்கவேண்டும், தட்டுப்போல் அலைமேல் மோதக்கூடாது என்றான். ஓரத்தில் நடக்கும் வழி ஆள் உடம்போடு போகும் அகலம் இருக்கவேண்டும், கைப்பிடிக் கம்பி இடுப்புக்குக் கீழே இருக்கக்கூடாது என்றான். மார்கழிப் பனியில் கண்ணாடி மங்கும். ஆகவே கண்ணாடிக்கு வெளியே வைப்பர், உள்ளே சூடான காற்று. ஓர் எஞ்சின் நின்றாலும் கரை சேரவேண்டும்; ஆகவே எஞ்சின் இரண்டு, இரண்டுக்கும் டீசல் தனித்தனி.

எல்லாவற்றுக்கும் மேலாக ஐப்பசி, கார்த்திகை! வானம் பிளந்து கொட்டும் அந்த இரண்டு மாதம்! தளத்தில் விழும் தண்ணீர் ஓடிப்போக வடிதுளை பெரிதாக வேண்டும். துளை தவறி உள்ளே வந்த தண்ணீரை இறைக்கப் படகின் அடிவயிற்றில் பம்பு வேண்டும். அந்தப் பம்பு ஆள் சொல்லாமலே ஓடவேண்டும், ஆள் சொன்னாலும் நிற்கக்கூடாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனாலும் அது மட்டும் விழித்திருக்கவேண்டும். அதற்காக பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர் இழுத்து, அதற்கென்று தனி ஃப்யூஸ் ஒன்று போட்டான். இதைச் செய்தவன் கவனக்குறைவானவனா? நீங்களே சொல்லுங்கள்!

இன்னொன்றும் கேட்டான். எஞ்சின் அறைக்கு இறங்க ஒரு திறப்பு போதாது, தப்பித்து ஏற இரண்டாவது திறப்பு ஒன்று வேண்டும் என்றான். வரைபடத்தில் அது இருந்தது, கூடத்தின் தரையில். உள்அலங்காரம் செய்ய நகரத்திலிருந்து சித்தார்த்தன் என்று ஒருவர் வந்தார். நல்ல பிள்ளைதான், நன்றாகச் சிரிப்பார். தரையைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"என்னங்க இது, ஹால் நடுவுல ஓட்டை? லுக்கே போயிடுச்சே!"

கோதண்டபாணி ஸ்பானரைக் கீழே வைத்தான். "சார், ஒங்க வூட்டு பாத்ரூம்ல ஓட்டை இல்லாம கட்டி ஒரு மாசம் குளிச்சுப் பாருங்க. லுக் எப்பிடி கீதுன்னு அப்பறம் வந்து சொல்லுங்க."

பட்டறையே சிரித்தது. சித்தார்த்தனும் சிரித்தார். சிரித்துவிட்டு முதலாளியிடம் போனார். மறுநாள் அந்தத் திறப்பின் மேல் தேக்குப் பலகை பதித்து, பசை ஊற்றி, பளபளவென்று மெருகு போட்டார்கள். நாங்கள் நாற்பது பேர் நின்று பார்த்தோம். அவன் ஒருவன்தான் சண்டை போட்டான். என்னிடம் வந்து, "மேஸ்திரி, நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க" என்றான். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? என்னைக் கேட்காமல் அவன் முதலில் பேசிவிட்டான் என்ற மனக்குறை. என் தலைக்கனம், தாய்மார்களே, வேறொன்றும் இல்லை.

கை தட்டாதீர்கள். இது தட்டுகிற இடம் இல்லை. இனிமேல் சொல்லப்போவதற்கும் தட்டாதீர்கள்.

இந்த ஆண்டு ஆயுத பூசை ஐப்பசியில் வந்தது. படகைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, தளம் முழுவதும் சாமந்தி தூவினோம். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பூசை போட்ட பொருளுக்கு அன்றைக்கு ஓய்வு. ஸ்பானருக்கும் ஓய்வு, எஞ்சினுக்கும் ஓய்வு. மறுநாள் மறுபூசை முடிந்த பிறகுதான் தொடவேண்டும். தூவிய பூவைக்கூட அதுவரை பெருக்கக்கூடாது. மெயின் சுவிட்சை நானே என் கையால் அணைத்தேன். கற்பூரம் ஏற்றினேன். எல்லோரும் கண்ணை மூடி நிற்கும் அந்த அமைதியில், தரைக்கு அடியிலிருந்து "கர்ர்ர்" என்று ஒரு சத்தம். தளம் கழுவிய தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. பம்பு எழுந்து இறைக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. "டேய் பாணி, சாமி கும்பிடறப்ப இன்னாடா சத்தம்? நிறுத்துடா அத்த!"

"அது நிக்காது மேஸ்திரி. அது தூங்கக் கூடாதுன்னுதான் தனியா போட்டுக்கீறேன்."

"எல்லா மெஷினுக்கும் லீவு. ஒன் பம்புக்கு மட்டும் இன்னா தனி சட்டமா?"

அவன் சிரித்தான். "கடலுக்கும் பொட்டு வெச்சிட்டீங்களா மேஸ்திரி? மழ லீவு போட்டுகினு வூட்ல ஒக்காந்துகினு இருக்குமா?"

நாற்பது பேர் முன்னால் சொல்லிவிட்டான். இளையவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் இறங்கினேன். அந்தத் தனி ஃப்யூஸைப் பிடுங்கினேன். பூசைத் தட்டில் தேங்காய் மூடிக்குப் பக்கத்தில் வைத்தேன். மாற்று ஃப்யூஸ் இருந்த அலமாரியையும் பூட்டி, பூட்டுக்கும் பொட்டு வைத்தேன். பிடுங்கியது கோதண்டபாணி அல்ல. பிடுங்கியது இந்தக் கை. ஏறிட்டுப் பாருங்கள், இந்தக் கை!

சாயங்காலம் பிடித்த மழை விடவே இல்லை. விடிந்து பார்த்தால் படகின் பின்பக்கம் தாழ்ந்து கிடக்கிறது. பெருக்காமல் விட்ட பூவும் வாழையிலையும் ஒதுங்கி, அவன் பார்த்துப் பார்த்துப் பெரிதாக வைத்த வடிதுளைகளை அடைத்துவிட்டன. தளத்தில் குளம்போல் நின்ற தண்ணீர் வாசற்படியைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது. இறைக்கவேண்டிய பம்பு என் உத்தரவின்படி லீவில் இருந்தது.

பாணி சின்ன ஃபைபர் படகில் போய்ப் பெரிய படகில் ஏறினான். ஏறிப் போன் செய்தான். "மேஸ்திரி, ஃப்யூஸ் எங்க? அலமாரி சாவி எங்க? ஜல்தி!"

நான் குளித்துவிட்டுப் பட்டறைக்கு வந்து மறுபூசைக்குத் தேங்காய் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். என்ன சொன்னேன்? அம்மா தையல்நாயகி, காதைப் பொத்திக்கொள்ளாதே, கேள். "இங்க எங்கிட்ட தட்டுல இருக்குடா. ஒம்பதரைக்கு நல்ல நேரம். மறுபூசை முடியட்டும்" என்றேன்.

அவன், "சரிங்க மேஸ்திரி. நா ஒரு வயர் வெச்சு பாத்துக்கறேன்" என்றான். கோபம் இல்லை. குத்தல் இல்லை. என்னை மாற்ற முடியாது என்று தெரிந்தவன் பேசுகிற பேச்சு அது.

இறங்கினான். தண்ணீரில் நின்று துண்டு வயரை நேராக இணைத்தான். பம்பு ஓடியது! கேளுங்கள், பம்பு ஓடியது! தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நான் கரையில் நின்று பார்த்தேன். படகின் பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சியது. இதைத்தானே அவன் கட்டினான்! ஆனால் நேரம் போய்விட்டது. உள்ளே இருந்த தண்ணீர் முழுவதும் ஒரு பக்கமாகச் சரிய, படகும் அதோடு சரிந்தது. அவன் இறங்கிய திறப்பு நீருக்கடியில் போய்விட்டது. இரண்டாவது திறப்பு? அது பளபளக்கும் தேக்குக்கு அடியில் இருந்தது. மூச்சுக்காற்று இருந்தது அந்தப் பக்கம்தான். வெளியே எடுத்தபோது அவன் கைநகங்களில் தேக்குப் பசை ஒட்டியிருந்தது.

குடி தண்ணீர் வேண்டாம் தம்பி. பேசி முடித்துவிடுகிறேன்.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. விசாரிக்க வந்தவர்கள் "ஃப்யூஸ் யார் பொறுப்பு?" என்று கேட்டார்கள். "மின் பிரிவு" என்றேன். பொய் இல்லை, ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. அந்த இரண்டு வார்த்தையை வைத்துத்தான் வாசலில் காகிதம் ஒட்டினார்கள். பதினைந்து நாள் பேசாமல் இருந்தேன். நேற்று இளவரசி பாலிடெக்னிக் பயிற்சிக்கு இடம் கேட்டு ஒரு பட்டறைக்குப் போயிருக்கிறாள். அங்கே ஒருவன் சிரித்துக்கொண்டு கேட்டானாம்: "படகை முழுக்கினாரே, அவுரு பொண்ணா நீ? இங்க எத்த முழுக்கப் போற?" அந்தப் பிள்ளை திரும்பி வந்து, என் வீட்டு வாசலில் நின்று ஒரே கேள்வி கேட்டது. "மேஸ்திரி தாத்தா, ஃப்யூஸ் போட எங்கப்பாவா மறந்துட்டாரு?"

மறக்கவில்லை மகளே. உன் அப்பன் எதையும் மறக்கவில்லை. வெயிலை மறக்கவில்லை, காற்றை மறக்கவில்லை, பனியை மறக்கவில்லை, மழையை மறக்கவில்லை. அவன் மறந்தது ஒன்றே ஒன்று: என்னைப்போல் ஒரு பிடிவாதக்காரன் பக்கத்தில் இருக்கிறான் என்பதை.

இன்று காலை போலீஸ் நிலையத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதன் நகல் தலைவரிடம் இருக்கிறது. எனக்கு என்ன வருமோ வரட்டும், வாங்கிக்கொள்கிறேன். என் பங்குக் குற்றத்தில் ஒரு குன்றிமணி குறைத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் முதலாளிமார்களே, உங்கள் பங்கில் ஒரு குன்றிமணியை நான் சுமக்கவும் மாட்டேன்! திறப்பை மூடியது பூசை அல்ல. அழகுக்கு ஆசைப்பட்ட நீங்கள்.

பட்டறைத் தோழர்களே, அதே அச்சில் இரண்டாவது படகு இப்போது பலகை மேல் நிற்கிறது. திங்கட்கிழமை அதன் தரைக்குத் தேக்கு பதிக்க வேண்டுமாம். அதே இடத்தில், அதே திறப்பின் மேல். பதிக்கப் போகிறீர்களா? இன்னொரு பாணியை உள்ளே வைத்து மெருகு போடப் போகிறீர்களா? எவன் அழகு என்று சொன்னாலும், எவன் அவசரம் என்று சொன்னாலும், என்னைப்போல் ஒரு கிழவன் சாமி குத்தம் என்று சொன்னாலும், அந்தத் திறப்பைத் திறப்பாகவே விடுங்கள்! அந்தப் பம்பை ஒரு நாளும் உறங்க விடாதீர்கள்! வாசலில் ஒட்டிய காகிதத்தைக் கிழிக்கும்வரை அந்தப் படகில் ஓர் ஆணிகூட அடிக்கமாட்டோம் என்று சொல்லுங்கள்! சொல்வீர்களா? சத்தமாகச் சொல்லவேண்டாம். கையைத் தூக்குங்கள், போதும்.

பார்க்கிறேன். எல்லாக் கையையும் பார்க்கிறேன்.

அழைப்பிதழில் "படத்தைத் திறந்து வைப்பவர்" என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். வயதில் மூத்தவன் என்று போட்டார்கள். விவரம் தெரியாமல் போட்டார்கள். அந்தத் திரையைத் தொட எனக்குத் தகுதி இல்லை. தையல்நாயகி அம்மா, உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ நல்லவள், கொடுத்துவிடுவாய். கொடுக்காதே.

இளவரசி, எழுந்து வா அம்மா. தலையை நிமிர்த்தி வா. பன்னிரண்டு மாதத்துக்கும் படகு கட்டியவனின் மகள் நீ. திரையை நீ விலக்கு. நாங்கள் எல்லோரும் எழுந்து நிற்கிறோம்.

இவ்வளவு நேரம் கசப்பைக் கேட்டுக்கொண்டிருந்த தலைவருக்கும், பெரியோருக்கும், தாய்மாருக்கும் நன்றி. வணங்கி விலகுகிறேன்.