காலுக்கு மட்டும் தேன்

கண்டியிலிருந்து போகும் புசல்லாவை பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரரோட காலு அரைப் போத்தல் தேன் குடிச்சிச்சு. அவரு ஒரு சொட்டும் குடிக்கல."

"என்னக்கா சொல்றீங்க?"

"சீனி வருத்தம். காலுல புண்ணு. தேன் கிருமியக் கொல்லும், வச்சுக் கட்டுங்கன்னு கிளினிக்ல குடுத்தாங்க. கட்டுறப்பல்லாம், வெரல்ல கொஞ்சம் தொட்டுக் குடுன்னு கெஞ்சுவாரு. ரத்தத்துல சீனி ஏறிடும்னு அலுமாரியில வச்சுப் பூட்டிடுவேன்."

"இப்ப புண்ணு எப்பிடி?"

"அது ஆறிடுச்சு. கிட்னி போயி ஆளுதான் செத்துட்டாரு."

பஸ் கம்பளையைத் தாண்டியது. இளையவள் மெதுவாகக் கேட்டாள்:

"மிச்சத் தேன் இருக்காக்கா?"

"இருக்கு. நாளைக்குக் கருமாதி. ஒரு கிண்ணம் நெறைய ஊத்திப் படைக்கப்போறேன். இனி சீனி ஏறாதுல்ல."