மூன்றாவது பிரதி

எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். தணிக்கை அலுவலகத்தில் பதினாறு வருடம் குப்பை கொட்டியவன் இப்படிச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? சண்டைப் படம் என்றால் கண்ணை மூடிக்கொண்டுதான் சான்றிதழ் கொடுப்பேன்.

அந்தப் பெண் எடுத்து வந்த படத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஏழு பேர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார்கள், முகம் இருட்டில். முப்பது வருடத்துக்கு முன்னால் செங்கல் சூளையில் ஊரையே நிற்க வைத்து ராணுவம் சுட்டதாம். இவர்கள் பிழைத்தவர்களாம். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று அரசாங்கம் நான்கு முறை அறிக்கை விட்டிருக்கிறது. நடக்காததற்கு எதற்கு நான்கு அறிக்கை என்று என்னைக் கேட்காதீர்கள். என் வேலை படம் பார்ப்பது.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஐந்தாவதாகப் பேசியவர், மூத்த மகளின் உடலைச் செருப்பை வைத்து அடையாளம் கண்டதைச் சொன்ன இடத்தை நானே இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். வெட்ட மனம் வரவில்லை. சாட்சி நிஜமான ஆள்தான் என்று நிரூபித்தால் காட்சியை விட்டுவைக்கலாம் என்பது விதி. பெயர், முகவரி, மூன்று பிரதி. அதைத்தான் கேட்டேன்.

"முகத்தையே மறைச்சிருக்கேன் சார். முகவரி வெளிய போனா..."

"என் மேஜையத் தாண்டாதும்மா. என்னை உங்க அப்பா மாதிரி நெனச்சுக்கோ."

"அஞ்சாவதா பேசுறதே எங்க அப்பாதான் சார். அவர் பேசுறத மட்டும் வெட்டிடாதீங்க."

என்னை நம்பி, ஏழு பேருடைய முகவரியையும் தன் கையாலேயே எழுதிக் கொண்டுவந்தாள். ஒரு பிரதி கோப்புக்கு, ஒன்று அவளுக்கு. மூன்றாவது பிரதி உறையில் போட்டு ராணுவ முகாமுக்கு. நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். தபாலில் போட்டால் தாமதமாகும் என்று நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் படம் சீக்கிரம் வரட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

அடுத்த மாதம் சாட்சிகளைச் சரிபார்க்க ஆள் அனுப்பினோம். ஏழு வீடுகளும் பூட்டிக் கிடந்தன. ஆளே இல்லாத சாட்சியை எப்படி அனுமதிப்பது? ஏழு பேர் பேசிய பகுதி முழுவதும் போயிற்று. மிச்சம் எட்டு நிமிடம்: சூளை, புல், கொஞ்சம் வானம்.

"எங்க அப்பா எங்க சார்?" என்று வந்து நின்றாள். அது தணிக்கை சம்பந்தப்பட்ட கேள்வியே இல்லை. இருந்தாலும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன்.

முகாமுக்கு எத்தனை உறை கொண்டுபோனாய் என்று இந்த விசாரணையில் கேட்கிறீர்கள். இருபத்திமூன்று. அதில் எழுதியிருந்த யாரும் வீடு திரும்புவதில்லை என்பது இரண்டாவது உறையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெண்ணின் படத்தை நான் தடை செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எல்லோரும் குடும்பத்தோடு பார்க்கலாம் என்று அவள் கையிலேயே சான்றிதழ் கொடுத்தவன் நான்.