ஊரே எந்திரிச்சுச் சொல்லுற பேரு

எத்தனையோ வருசத்துக்கு முந்தி, நம்ம கடல் இல்ல மக்கா, வடக்க போலந்து தேசத்துக் கடல். அதோட கரையில ஒரு மீன்பிடி ஊரு. எம் பொஞ்சாதி பொறந்த ஊரு. அங்க யூசெஃப் கொன்கெல்னு ஒருத்தர் இருந்தாராம். எம் பொஞ்சாதிக்குத் தாத்தா. வலை இழுக்குற வீட்டுப் பிள்ளை. பதினெட்டு வயசுல கடற்படையில சாதாரண ஆளாச் சேந்தாராம். சேந்தவரு சும்மா இருந்தாரா? படிச்சாரு, ஏறுனாரு. படிச்சாரு, ஏறுனாரு. கடைசில ஒரு போர்க்கப்பலுக்கே கமாண்டர்!

சண்டை வந்துச்சு. ஜெர்மன்காரன் நாட்டையே புடிச்சுக்கிட்டான். இவரு கப்பலை விட்டுக்குடுக்கல. இங்கிலாந்துக்குக் கொண்டுபோயி, அங்கேருந்து ஆறு வருசம் சண்டை போட்டாராம். ஆறு வருசம் பெத்த பிள்ளை மொகம் பாக்கல.

சண்டை முடிஞ்சுது. கூட இருந்தவங்க, "ஊருக்குப் போவாதீய கமாண்டர். இப்ப ரஷ்யாக்காரன் தயவுல வந்திருக்கிற சர்க்கார், இங்கிலாந்துல இருந்த நம்மள நம்பாது"ன்னு சொன்னாவளாம். "எங்க வீட்டுக்குப் போறதுக்கு எனக்கென்ன பயம்? நான் என்ன திருடுனேனா?"ன்னு கெளம்பி வந்துட்டாரு. வந்தவருக்கு மாலை போட்டானுவ. புதுசா வந்த ஆபீசர்களுக்குப் பாடம் நடத்தச் சொன்னானுவ. அவருக்குத் தெரிஞ்சதையெல்லாம் கறந்துக்கிட்டு, நாலாம் வருசம், "நீ இங்கிலீஷ்காரனுக்கு வேவு பாக்குறவன்"னு புடிச்சுச் சுட்டுட்டானுவ! நாசமாப் போறவனுவ! பட்டத்தையும் புடுங்கிட்டானுவ. பொஞ்சாதி மார்த்தா போயி, "பொணத்தையாவது குடுங்க"ன்னு நின்னுச்சாம். "அப்படி ஒரு ஆளே கெடையாது"ன்னானாம் ஆபீஸ்ல இருந்தவன். இது எந்த ஊரு நியாயம்?

கல்லறைத் திருநாள் வந்துச்சு. நம்ம மாதா கோயில்ல மாதிரிதான், அங்கயும் செத்தவங்க பேரைச் சாமியார் வாசிப்பாரு, ஊரே வேண்டிக்கும். மார்த்தாவும் சீட்டு எழுதிக் குடுத்துச்சு. அதுக்குள்ள சாமியாருக்கு ஆபீஸ்லேருந்து காகிதம் வந்துட்டாம்: "அந்தப் பேரை வாசிச்சா கோயிலைப் பூட்டுவோம்." பாக்குறதுக்குன்னு கடைசி பெஞ்சுல ஒருத்தனை உக்கார வச்சிருக்கானுவ. செத்தவனுக்கு வேண்டிக்கிறதுக்கும் காவலு!

சாமியார் மத்த பேரையெல்லாம் வாசிச்சாரு. சீட்டை மடக்கிட்டாரு.

மார்த்தா எந்திரிச்சுது. "சாமி, ஒரு பேரு விட்டுப்போச்சு. கமாண்டர் யூசெஃப் கொன்கெல்."

"உக்காரு!"ன்னு பின்னாலேருந்து கத்துனானாம் அந்த ஆளு.

அவ கொழுந்தன் எந்திரிச்சாரு. "கமாண்டர் யூசெஃப் கொன்கெல்." அடுத்த பெஞ்சு எந்திரிச்சுது. அதுக்கடுத்த பெஞ்சு எந்திரிச்சுது. கெழவிகள்லாம் எந்திரிச்சாவளாம். அந்த ஆளும் யார் யாருன்னு எழுதுனான், எழுதுனான், கடைசில நோட்டை மூடிட்டு வெளிய போயிட்டான். ஒரு ஊரையே எங்க கொண்டு அடைக்க?

பல வருசம் கழிச்சு, "தப்பு நடந்துபோச்சு, பட்டத்தைத் திருப்பித் தாறோம், இனிமே கோயில்ல வாசிக்கலாம்"னு ஒரு ஆளு காகிதம் கொண்டாந்தானாம். கெழவியான மார்த்தா வாசல்லயே நிப்பாட்டிடுச்சு. "வாசிக்கக் கூடாதுன்னு சொன்ன காகிதமும் உங்க ஆபீஸ்லேருந்துதான் வந்துச்சு. உங்க உத்தரவு கேட்டா நாங்க இத்தனை வருசம் வேண்டிக்கிட்டோம்? கொண்டு போ."

அதனாலதான் மக்கா, இன்னைக்கும் அந்த ஊருச் சாமியார் மத்த பேரெல்லாம் வாசிச்சிட்டு, சீட்டை மடக்கிட்டு ஒதுங்கி நிக்காரு. அந்த ஒரு பேரை மட்டும் ஊரே எந்திரிச்சுச் சொல்லுது. கல்யாணம் ஆன வருசம் நானும் எந்திரிச்சுச் சொன்னேன். அந்த ஊருப் பாசையில எனக்கு அப்ப வேற ஒண்ணும் சொல்லத் தெரியாது.