ரெண்டு சீட்டு வண்டி

பள்ளிப்படிப்போடு நின்றவன் நான். எழுதத் துணிந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். அரூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டு வந்தார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கணவர் வீட்டிலேயே பழுது பார்த்திருக்கிறார்.

“நாளைக்கு சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு வண்டிய எடுத்துரலாம்,” என்றார் அவர்.

“நானும் ஏறிக்கறேனுங்க.”

“மொதல்ல நான் மட்டும் ஓட்டிப் பாக்கறேன்.”

“ஏனுங்க, ரெண்டு சீட்டுல ஒண்ணு எனக்கில்லையா?”

“அதில்ல. பிரேக்குல பழைய ரப்பரையே போட்டுட்டேன். புடிக்கும். ஆனா உன்ன ஏத்த பயமா இருக்குது.”

“சக்கரத்துக்கு நாலு பழம் போதுமுங்க. அஞ்சாவதா நீங்க நசுங்க வேணாம்.”

அவர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் அரூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கழற்றிய பிரேக் பாகங்களோடு சேலம் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்.