பன்னிரண்டு கதவுகள்

ஏல நாளில் நான் காலையில் டீ குடிப்பதில்லை. நாம் காத்திருக்கும் பொருளின் எண் எப்போது வரும் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. கழிப்பறைக்குப் போன நேரத்தில் நல்ல மேசையைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. நானும் ஒரு முறை விட்டிருக்கிறேன். அதனால்தான் அன்று காலை கோர்டன் மிட்ஜ்லி டீ போடட்டுமா என்றபோது வேண்டாம் என்றேன். அவன் மேசையில் ஒரே ஒரு கோப்பை இருந்ததற்குக் காரணம் அதுதான். நீங்கள் அதைப் பற்றி இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். நான் எதையும் கழுவி வைக்கவில்லை.

கோர்டனும் நானும் பழம்பொருள் வியாபாரிகள்; முப்பத்தொரு வருடமாக ஒரே ஏலக்கூடங்களுக்குப் போய்வந்தோம். யார்க்‌ஷயர் மலைப்பக்கத்து ஊர்களில் ஏழெட்டுக் கூடங்கள்தான். எல்லாவற்றிலும் அவனுக்கு இடப்பக்கச் சுவர், எனக்கு வலப்பக்கச் சுவர். பகை என்று எதுவும் இல்லை. என் அம்மாவின் அடக்கத்துக்கு அவன் வந்தான்.

ஆனால் அவனுக்குப் பொருள்களைப் பிரிக்கும் பழக்கம் இருந்தது. மூன்று வருடம் முன்பு ஒரு கால்பந்து அணியின் கையெழுத்துப் புத்தகத்தை வாங்கினான். இருபத்திரண்டு பக்கம். பிளேடால் ஒவ்வொன்றாக வெட்டி, சட்டம் போட்டு, தனித்தனியாக விற்றான். அவை இப்போது எந்தெந்த வீட்டுக் கழிப்பறைச் சுவரில் தொங்குகின்றனவோ. நான் வாங்கியவை அப்படி இல்லை. என் வீட்டுப் பின்னறையில் முழுசாக இருக்கின்றன. யாரும் தொட்டதில்லை. யாரையும் நான் உள்ளே விட்டதும் இல்லை.

அன்று ஏலத்துக்கு வந்த அலமாரி ஸ்கார்த்வெல் கிரிக்கெட் கிளப்பினுடையது. கூரை ஒழுகியதால், அதைச் சரிசெய்யும் பணத்துக்காக விற்கக் கொடுத்திருந்தார்கள். ஓக் மரம். ஆட்டக்காரர்கள் உடை மாற்றிக்கொள்ளும் இடத்தில் நின்றது; ஆளுக்கொரு அறை என்று பன்னிரண்டு கதவுகள். ஒவ்வொரு கதவின் உட்பக்கத்திலும் அந்த அறைக்காரர் பென்சிலால் பெயர் எழுதி, ஒவ்வொரு ஆட்டத்திலும் எடுத்த ஓட்டங்களைக் குறித்திருக்கிறார். 1914 ஆகஸ்ட் மாதத்தோடு எல்லாக் கதவிலும் எழுத்து நின்றுவிடுகிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஐந்து கதவுகளில் மட்டும் தொடர்கிறது. மற்ற ஏழில் வெறும் மரம்.

ஏலத்துக்கு முன் பார்வைக்கு வைத்த நாளில் நான் இரண்டு மணி நேரம் அதன் முன்னால் நின்றேன். கோர்டன் வந்தான். கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்.

"பன்னெண்டு கதவு, பன்னெண்டு ஆணி, பன்னெண்டு சுவரு. என்னய்யா ஆர்னால்ட், மூஞ்சி இப்படிப் போவுது?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அது கேலி என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். அந்தக் கையெழுத்துப் புத்தகத்தைப் பற்றியும் அவன் முதலில் கேலியாகத்தான் சொன்னான்.

ஏல நாளன்று எட்டு மணிக்கு அவன் கிடங்குக்குப் போனேன். பேசிப் பார்க்கலாம் என்றுதான் போனேன். நவம்பர் மாதம், தரையெல்லாம் உறைபனி. உள்ளே மண்ணெண்ணெய் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. இன்று வருகிறாயா என்று கேட்டேன்.

"நான் வரலய்யா. இங்க வேல கெடக்கு. நீ போ, போய் ஆசதீர ஏலம் கேளு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை முப்பத்தொரு வருடமாக எதிர்ச் சுவரில் பார்த்திருக்கிறேன். அதை அவன் காட்டினால் கடைசியில் பொருள் அவனுக்குத்தான் போகும்.

அவனுக்குப் பின்னால் ஒரு உயரமான புத்தக அலமாரி நின்றது. கீழே இழுப்பறைகள், மேலே கண்ணாடிக் கதவுகள். வசந்த காலத்தில் வாங்கியது. பார்ப்பவரிடமெல்லாம் அதைப் பற்றியே பேசுவான். அது இரண்டு பாகம். மேல் பாகம் கீழ் பாகத்தின் மீது சும்மா உட்கார்ந்திருக்கும். வீட்டில் திருகாணி போட்டுக்கொள்வார்கள். நாங்கள் போடுவதில்லை, அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கும். இதன் மேல் பாகம், அதன் கீழ் பாகம் என்று வேறு வேறு சாமான்களைச் சேர்த்து ஒன்றாக விற்பதும் உண்டு. எங்கள் தொழிலில் அதைக் கல்யாணம் என்போம். ஒரு வியாபாரியிடம் அவன் சாமானைக் காட்டி அந்தச் சொல்லைச் சொன்னால் அவன் சும்மா இருக்க மாட்டான். பின்பக்கப் பலகைகளைக் காட்டியே தீர்வான். அங்கேதான் உண்மை தெரியும்.

நான் அதைச் சொன்னேன்.

"கல்யாணமா? போய்க் கண்ணக் காட்டுய்யா டாக்டர்ட்ட. இதுங்க ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுங்க. வா, காட்டுறேன்."

டார்ச்சை எடுத்துக்கொண்டு அலமாரிக்கும் கல்சுவருக்கும் நடுவில் நுழைந்து முழங்காலிட்டான். பலகைகளின் ரம்பக் கோடுகளை வாய்விட்டு எண்ணினான். என்னையும் பின்னால் வரச் சொன்னான். நான் முன்பக்கமே நின்றேன். மேல் பாகத்தில் தோளை வைத்துச் சாய்ந்தேன். நினைத்ததைவிட எளிதாக நகர்ந்து, சுவர்ப்பக்கம் அவன் மேல் விழுந்தது. மெழுகு பூசிய மரம் அப்படித்தான்.

கண்ணாடி உடைந்தது. கதவுகளில் இருந்த பதின்மூன்று கண்ணாடிகளும் அசல். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

கோர்டன் பேசினான். முதலில் என் பெயரைச் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து, "அத நான் பிரிக்கப் போறதில்லய்யா" என்றான். அந்த நிலையில் இருப்பவன் எதை வேண்டுமானாலும் சொல்வான். நான் ஹீட்டரை அணைத்தேன். அத்தனை மரச் சாமான்களுக்கு நடுவில் ஆளில்லாமல் எரியவிடுவது சரியல்ல. கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினேன். ஏலம் பத்து மணிக்கு.

அலமாரியின் எண் இருநூற்றுப் பன்னிரண்டு. அது வரும்போது பன்னிரண்டே கால் ஆகிவிட்டது. ஏலம் விட்டவர் ஜூடித் ஓல்ராய்டு. வேகமானவர், வாய் ஓயாது. ஆயிரம் பவுண்டில் ஆரம்பித்தார். லீட்ஸிலிருந்து வந்த ஒருவர் கொஞ்ச தூரம் விலையை ஏற்றிவிட்டு நிறுத்திக்கொண்டார். எதிர்ச் சுவர் காலியாக இருந்தது. அலமாரி எனக்குத்தான் என்று நினைத்தேன்.

"ரெண்டாயிரம். புத்தகத்துல இருக்கு" என்றார் ஜூடித்.

வர முடியாதவர்கள் தங்கள் உச்ச விலையை எழுதி முன்கூட்டியே அவரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர்களுக்குப் பதில் அவரே கேட்பார். எழுதியது யார் என்று சொல்ல மாட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. இந்த அலமாரிக்கு இந்த விலை போகும் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான்.

விலை கேட்க என் எண்ணட்டையைத் தூக்கினேன். புத்தகம் ஏறியது. தூக்கினேன். மறுபடி ஏறியது. ஜூடித் பென்சில் முனையை அந்தத் தாளின் மேல் வைத்தபடியே கேட்டார். மூவாயிரம் தாண்டியது. என் தோளுக்குப் பக்கத்தில், சுவரில் தொலைபேசி இருந்தது. டாக்டர் கணக்குப்படி கோர்டன் அந்த நேரத்தில் உயிரோடு இருந்திருக்கிறான். குளிர்தான் அதிகம் கெடுத்தது என்கிறார். தொலைபேசியை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டீர்கள். எடுக்க எண்ணட்டையைக் கீழே வைக்க வேண்டும்.

"நாலாயிரம் உங்ககிட்ட, ஆர்னால்ட். நாலாயிரத்து இருநூறு, புத்தகம். இன்னும் ஒண்ணு? வீட்டுல திட்டக்கூட ஆளு இல்ல, அப்புறம் என்ன யோசன?"

சிரித்தார்கள். என்னிடம் நாலாயிரம்தான் இருந்தது. நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். சுத்தியல் விழுந்தது.

அப்போது நான் ஒரு தவறு செய்தேன். எங்கள் கூடங்களில் வாங்கியவர் பொருளை எடுத்துச் செல்லாவிட்டால் அடுத்து கேட்டவருக்குக் கொடுப்பார்கள். அந்த நினைப்பில் மேடைக்குப் போய்ச் சொன்னேன்: கோர்டன் வந்து எடுக்கப் போவதில்லை, இப்போதே என் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று. மெதுவாகத்தான் சொன்னேன்.

ஜூடித் கண்ணாடியைக் கழற்றினார்.

"கோர்டன்னு நான் சொல்லவே இல்லையே. ஏன், அவருக்கு என்ன?"

காலையில் பார்த்தேன், படுத்திருக்கிறார் என்றேன். அது பொய் இல்லை. ஜூடித் ஏலத்தை நிறுத்திவிட்டுக் கிடங்குக்குத் தொலைபேசி செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு இரண்டு ஆட்களைக் காரில் அனுப்பினார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று பத்து. இருபது நிமிடம் தாமதம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள்.

நான் எதையும் மறுக்கவில்லை. தள்ளியது நான். ஹீட்டரை அணைத்ததும் நான். அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டே கதவைச் சாத்தியதும் நான்தான். ஆனால் காரணத்தையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அன்று நான் போகாவிட்டால் இந்நேரம் பன்னிரண்டு கதவுகளும் பன்னிரண்டு ஊருக்குப் போயிருக்கும்.

இப்போது இந்தத் தாளைக் காட்டுகிறீர்கள். ஜூடித்தின் புத்தகத்தில் செருகியிருந்தது என்கிறீர்கள். ஏலத்துக்கு முந்தின நாள் தேதி. எண் இருநூற்றுப் பன்னிரண்டு, உச்ச விலை ஆறாயிரம். கீழே: 'கிடைத்தால் ஸ்கார்த்வெல் கிளப்புக்கே திருப்பி அனுப்பவும். பிரிக்கக் கூடாது. என் பெயர் வேண்டாம். கோர்டன்.' ஏழாவது கதவில் இருப்பது அவன் தாத்தாவின் பெயர் என்றும் சொல்கிறீர்கள். மிட்ஜ்லி என்ற பெயரை அங்கே நானும் பார்த்தேன். இந்தப் பள்ளத்தாக்கில் மிட்ஜ்லிகளுக்குப் பஞ்சமில்லை.

கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள்.

எழுத்து அவனுடையது போலவே இருக்கிறது. வாலை இடப்பக்கம் இழுத்திருப்பதும், கடைசி எழுத்தில் பென்சிலை அழுத்தியிருப்பதும் அப்படியே. யார் செய்திருந்தாலும் நல்ல வேலை. ஆனால் இதை கோர்டன் எழுதவில்லை. முப்பத்தொரு வருடம் இந்தத் தொழிலில் இருந்திருக்கிறேன். போலியைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.